அழைப்பாணை வரவில்லை, தீர்ப்பு மட்டும் வந்துவிட்டதா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

விசுவமடுப் பக்கம் இருந்து வந்த ஒரு ஐயா, சொப்பிங் பையில் இருந்து ஒரு கடித உறையை எடுத்து என் முன்னால் வைத்தார். இன்னும் உடைக்கவில்லை. "தம்பி, இது அந்தப் பழைய காணிக் கதைதானே எண்டு பெட்டிக்குள்ள போட்டிட்டன்" என்றார். உள்ளே டிக்கிரி, அதாவது தீர்ப்பாணையின் பிரதி. கையில் கிடைத்து இருபது நாளுக்கு மேல்.

அதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான். இலங்கையின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 86ஆம் பிரிவின்படி, எதிராளியான நீங்கள் வழக்குக்கு வராததால் ஒருதலைப்பட்சமாக விளங்கிக் கொடுத்த தீர்ப்பை நீக்கக் கேட்பதற்கு உங்களுக்கு இருப்பது 14 நாள். அந்த நாள் தீர்ப்பாணை உங்களுக்குச் சேர்ப்பிக்கப்பட்டதில் இருந்து ஓடும், நீங்கள் உறையை உடைத்துப் படித்த நாளில் இருந்து அல்ல. வாங்கிய திகதியை உறையிலேயே எழுதிக்கொண்டு அன்றைக்கே சட்டத்தரணியிடம் போங்கள்.

சிலர் நேரே அப்பீல் போடப் பார்க்கிறார்கள். வராததால் கொடுத்த தீர்ப்புக்கு எதிராக மேன்முறையீடு இல்லை (88ஆம் பிரிவு). முதலில் அதே நீதிமன்றத்தில், கிளிநொச்சி என்றால் கிளிநொச்சி மாவட்ட நீதிமன்றத்தில், சத்தியக்கடதாசியோடு (சத்தியம் செய்து கையெழுத்திட்ட எழுத்து வாக்குமூலம்) மனுப் போட வேண்டும். அந்த மனுவில் வரும் கட்டளைக்கு எதிராக வேண்டுமானால் மேலே போகலாம்.

அடுத்தது, மனு முழுக்க "அந்தக் காணி என்னுடையது, அப்பா வெட்டின காடு" என்று எழுதுவது. காணி ஆருடையது என்பதல்ல இப்போதைய கேள்வி, ஏன் வரவில்லை என்பதுதான்! அதற்கு நியாயமான காரணம் காட்ட வேண்டும். அழைப்பாணை முறையாகச் சேர்ப்பிக்கப்படவில்லை என்றால் அதையே பிடியுங்கள்.

ஆனால் "எனக்கு வரவில்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதாது. வழக்குக் கோவையில் பிஸ்காலின், அதாவது நீதிமன்றக் கடதாசிகளைச் சேர்ப்பிக்கும் அலுவலரின், அறிக்கை இருக்கும், நீதிமன்றம் அதைத்தான் முதலில் நம்பும். ஆகவே அதன் பிரதியை எடுத்து வரி வரியாகப் பாருங்கள். அழைப்பாணை முதலில் பதிவுத் தபாலில் போகும், சரிவராவிட்டால் பிஸ்கால் அல்லது கிராம அலுவலர் நேரில் கொடுப்பார், அதுவும் முடியாவிட்டால் நீதிமன்றம் உத்தரவிட்டு வீட்டில் ஒட்டுவார்கள். இதில் எது நடந்ததாக எழுதியிருக்கிறது, எந்த விலாசம், எந்தத் திகதி? வன்னியில் இது சாதாரண விசயமில்லை, 2009க்கு முன்னர் இருந்த விலாசத்தைக் காணி உறுதியில் பார்த்து வழக்கில் போட்டிருப்பார்கள், நீங்களோ மெனிக்பாம் அகதி முகாமுக்குப் போய் வந்து வீட்டுத்திட்டத்தில் வேறு இடத்தில் குடியேறியிருப்பீர்கள். "கதவில் ஒட்டினேன்" என்று அறிக்கை சொன்னால், அந்தத் திகதியில் அங்கே கதவே இருந்ததா? விதானையாரிடம் (கிராம அலுவலர்) வதிவிடக் கடிதம், கரண்ட் பில், கிளினிக் கொப்பி, வெளிநாட்டில் நின்றால் பாஸ்போர்ட் முத்திரை, இவைதான் பேசும். விசாரணையில் நீங்களே கூண்டில் ஏறிச் சாட்சியம் சொல்லத் தயாராக இருங்கள்.

மகள் கையெழுத்து வைத்துக் கடிதம் வாங்கியதைக் காட்டும் தபால் அட்டை கோவையில் இருக்கும்போது "கடிதமே வரவில்லை" என்று சத்தியக்கடதாசியில் எழுதினால், குறுக்குவிசாரணையில் நாறிவிடும். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், மகள் வாங்கி உங்களிடம் தராவிட்டால் அதைச் சொல்லுங்கள்.

அப்புறம், வங்கிக் கடன் வழக்கு வேறு கதை. 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் கீழ் என்றால் சாதாரண அழைப்பாணை வராது, முதலில் வருவதே ஒரு தற்காலிகத் தீர்ப்பாணைதான். நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் அதை எதிர்த்து வாதாட முடியாது, காசு கட்டச் சொல்லியோ பிணை கேட்டோதான் அனுமதி தரவும் கூடும். எந்தச் சட்டத்தின் கீழ் வழக்கு என்பதைக் கடதாசியின் தலைப்பிலேயே பாருங்கள்.

ஐயாவின் கோவையை எடுத்துப் பார்த்தோம். தீர்ப்பாணை சேர்ப்பித்த அறிக்கையில் கையெழுத்து அவருடையதுதான், கொஞ்சம் நடுங்கிய எழுத்து.