குளச்சலிலிருந்து சின்னமுட்டம்: இரண்டு ஆள், ஒரு பாய், ஒரு ராத்திரி

குளச்சலிலிருந்து குமரிமுனையைச் சுற்றிச் சின்னமுட்டம் போய்ச் சேரக் கடல்வழி ஏறக்குறைய 40 கி.மீ., அதாவது 21, 22 கடல்மைல். எஞ்சினை முறுக்கினால் நாலு மணி நேரம்தான். பாய் கட்டிய ஃபைபர் வள்ளத்தில் கணவனும் மனைவியுமாக, அல்லது அண்ணனும் தம்பியுமாக, இரண்டே பேர் போனால் ஒரு முழு ராத்திரி. கணக்கை விடியலில் தொடங்கிப் பின்னோக்கிப் போடுங்கள். பாறைப்பகுதியை இருட்டில் கடக்கக் கூடாது, துறைமுக வாயிலில் இருட்டில் நுழையக் கூடாது.

மாசிக் கடைசியும் பங்குனியும் ஏற்ற காலம். மார்கழி, தையில் கொண்டலும் வாடையும் முகத்தில் அடிக்கும். நீரோட்டமும் மேற்கே தள்ளும். ஆனி ஆடியில் பாய் வள்ளத்தைக் கரையில் கவிழ்த்து வைப்பதே நல்லது. பங்குனியில் சாயங்காலம் கடல்காற்று பின்னாலிருந்து தள்ளும். நள்ளிரவை ஒட்டிக் கரைக்காற்று இடப்பக்கத்திலிருந்து வரும்; கிழக்கே போகிற பாய்க்கு இதைவிட நல்ல காற்று கிடையாது. முழுநிலாவை ஒட்டிய நாளாகப் பாருங்கள், அப்போதுதான் வலை மிதப்புகள் கண்ணில் படும்.

முந்தின நாளும் கிளம்பும் அன்றும் இன்காய்ஸ் என்ற இந்தியக் கடல் தகவல் மையத்தின் அறிவிப்பைப் பாருங்கள். அலை 1.5 மீட்டரைத் தாண்டினால் பயணம் வேண்டாம். கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தால், கடல் எண்ணெய் விட்டதுபோலக் கிடந்தாலும் வேண்டாம். எங்கோ தெற்கே அடித்த புயலின் அலை அது. ஆழத்தில் வள்ளத்தை மெல்ல ஏற்றி இறக்குவதோடு சரி, வாயிலுக்கு வந்ததும் எழும்பி உடையும்.

குளச்சலை மாலை நாலரைக்கு விடுங்கள். பாயும் எஞ்சினும் சேர்ந்தால் கடியப்பட்டணம், முட்டம் பாறைகளை வெளிச்சம் இருக்கும்போதே வெளியே விட்டுச் சுற்றிவிடலாம். முட்டத்துக்குக் கிழக்கே மணல் தரை வந்ததும் நங்கூரம் போடுங்கள். பாரில், அதாவது கடலடிப் பாறையில் போட்டால் நங்கூரம் மாட்டும், காலையில் கயிற்றை அறுக்க வேண்டிவரும். பத்துப் பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி) ஆழமென்றால் நாற்பது பாகம் கயிறு விடுங்கள். குறைத்து விட்டால் இழுபடும். வெள்ளை விளக்கை எரியவிட்டு, ஆளுக்கு இரண்டரை மணி நேரம் மாறி மாறித் தூங்குங்கள். இந்தத் தூக்கத்தைப் பலர் வீண் என்று நினைக்கிறார்கள். உண்மையில் பயணத்தின் பாதிப் பாதுகாப்பு இதில்தான் இருக்கிறது. பன்னிரண்டரைக்கு நங்கூரம் தூக்கினால், மூன்று நாட் (மணிக்கு மூன்று கடல்மைல்) வேகத்தில் ஐந்தரைவாக்கில் முனை வரும்.

சாப்பாடு: அவித்த மரச்சீனிக்கிழங்கு, கருப்பட்டி, பிளாஸ்கில் சுக்குக்காப்பி, தண்ணீர் 15 லிட்டர். எண்ணெய்ப் பலகாரம் வாந்திக்கு வழி. மூன்று மணிப் பனிக்குக் காய்ந்த சட்டை ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள்.

9.9 குதிரைத்திறன் எஞ்சினுக்கு 25 லிட்டர் பெட்ரோல் எடுங்கள். காற்றே வராமல் போனாலும் வழி முழுக்க எஞ்சினில் ஓட்டி, மிச்சமும் இருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் பத்து நிமிடத்தில் திணறி நின்றால், பிளக்கைக் கழற்றும் முன் டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகைப் பாருங்கள். அது மூடியிருந்தால் உள்ளே காற்று புகாது, பெட்ரோலும் வராது. பம்ப் குமிழ் சப்பிக் கிடக்கும். விசிறியில் வலை சுற்றினால் உடனே அணைத்து, எஞ்சினைத் தூக்கி, கத்தியால் அறுங்கள். பின்னோக்கி ஓட்டிக் கழற்றப் பார்த்தால் இன்னும் இறுகும்.

இருவர் பயணத்தில் உண்மையான ஆபத்து, ஒருவர் தூங்கும்போது மற்றவர் தண்ணீரில் விழுவது. சிறுநீர் கழிக்க விளிம்பில் நிற்கும்போது விழுகிறவர்கள் உண்டு. வாளி வைத்துக்கொள்ளுங்கள், இதில் வெட்கம் வேண்டாம். விசில் கட்டிய லைஃப் ஜாக்கெட் இருவருக்கும். இடுப்பிலிருந்து வள்ளத்தின் நடுவே ஒன்றரை மீட்டர் கயிறு. எஞ்சினை அணைக்கும் சிவப்புச் சுருள்கயிறு ஓட்டுபவரின் மணிக்கட்டில் இருக்கட்டும். அவர் விழுந்தால் எஞ்சின் நிற்கும், ஆனால் கயிற்றின் முனையில் உள்ள கிளிப்பும் அவரோடு போய்விடும். அது இல்லாமல் எஞ்சின் மறுபடி எடுக்காது. அதனால் இன்னொரு கிளிப்பை எஞ்சின் பக்கத்திலேயே கட்டித் தொங்கவிடுங்கள்.

பகலில் ஒரு முழுத் தேங்காயைக் கடலில் எறிந்து, தனி ஆளாகத் திரும்பிப்போய் எடுத்துப் பாருங்கள். மிதக்கும் தேங்காய், தண்ணீரில் இருப்பவரின் தலை அளவுதான் தெரியும். காற்றுக்கு எதிராக அணியத்தை, அதாவது வள்ளத்தின் முன்பக்கத்தைத் திருப்பி மெதுவாக நெருங்கி, கைக்கு எட்டும் முன் எஞ்சினை அணைக்க வேண்டும். ஆளைத் தூக்கி எடுக்க உங்களால் முடியாது. விளிம்பில் ஒரு கயிற்றுக் கண்ணி தொங்கினால் அவரே கால் வைத்து ஏறுவார். இருவரும் தலா ஐந்து முறை எடுத்த பிறகுதான் ராத்திரிப் பயணம்.

நங்கூரம் தூக்கும் முன்பே பாயை மூன்றில் ஒரு பங்கு குறைத்துக் கட்டுங்கள். மணக்குடிக்குக் கிழக்கே காற்று சட்டென்று ஏறலாம். பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றை முடிந்து வைக்காதீர்கள். ஒரே சுற்று, முனை கையில். முடிச்சை அவிழ்க்கும் நேரத்தில் வள்ளம் கவிழ்ந்துவிடும்.

கரையிலிருந்து ஐந்தாறு கி.மீ. தள்ளி ஓடுங்கள். பாறைகள் உள்ளே தங்கிவிடும், பெரிய கப்பல்கள் வெளியே தெற்கே போகும். திசைமானியையே முறைத்துக்கொண்டிருந்தால் கண் சொக்கும். மார்ச்சில் ஒரு மணிவாக்கில் தென்சிலுவை நேர் தெற்கே, நீட்டிய கையில் ஒரு சாண் உயரத்தில் நிமிர்ந்து நிற்கும். அது வலத் தோளுக்கு நேரே இருந்தால் போக்கு சரி. நட்சத்திரம் நகரும், கால்மணிக்கு ஒருமுறை திசைமானியோடு ஒப்பிடுங்கள்.

ஒரு கப்பலின் சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்து, மேலே இரண்டு வெள்ளை விளக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றால் அது உங்களை நோக்கி வருகிறது. ஐந்து மைலில் பார்த்தால் இருபது நிமிடம்கூட இல்லை. அப்போதே விலகுங்கள். உங்கள் டார்ச்சை அவர்கள் பார்ப்பார்கள் என்று நம்ப வேண்டாம்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். எழுந்தவருக்குக் கண் தெளியப் பத்து நிமிடம் ஆகும், அதுவரை சுக்கான் பிடித்திருந்தவர் அதை விடக் கூடாது. சொல்ல வேண்டியது சுருக்கம்: “வலப்பக்கம் ஒரு கப்பல், தூரம் போகுது. முன்னால ரெண்டு வள்ளம் வலை போட்டிருக்கு. காத்து கூடிட்டு வருது.” இரண்டரையிலிருந்து நாலரை வரைதான் தூக்கம் ஆளை அமுக்கும், நன்றாகத் தூங்கியவர் அதை எடுக்கட்டும். நாலரைக்கு மேல் இருவரும் விழித்திருங்கள்.

முனையில் நீரோட்டமும் அலையும் குழம்பிக் கிடக்கும். விவேகானந்தர் பாறைக்கும் கரைக்கும் நடுவே குறுக்கு வழி தேடாதீர்கள், பாறைக்கு வெளியே இரண்டு கி.மீ. தள்ளிச் சுற்றுங்கள். வடகிழக்கே திரும்பியதும் காற்று எதிரே வரும். பாயை இறக்கி எஞ்சினில் போங்கள்.

அதிகாலையில் சின்னமுட்டம் விசைப்படகுகள் கூட்டமாக வெளியே வரும். வாயிலிலிருந்து ஒரு கி.மீ. தள்ளி நின்று, கூட்டம் ஓய்ந்து முகம் தெரியும் வெளிச்சம் வந்ததும் நுழையுங்கள். கயிறு கட்டும் முன் வீட்டுக்குப் போன் செய்யுங்கள். ஏழு மணிக்குள் உங்கள் குரல் கேட்காவிட்டால் 1554-இல் கடலோரக் காவல்படையையும் 1093-இல் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தையும் அழைக்கச் சொல்லித்தானே கிளம்பியிருப்பீர்கள்.