மடிந்த பாறை மறுபடி மடிந்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம், நாமக்கல் பக்கம் நிலவியல் களப்பணிக்குப் புதிதாக வருபவர்களின் நோட்டைப் புரட்டினால், வருடா வருடம் அதே பிழைகள்தான். சாய்கோணத்தைத் தப்பாகப் படிப்பதெல்லாம் ஒரு வாரத்தில் சரியாகிவிடும். கீழே உள்ளவை அப்படிப் போவதில்லை.

அச்சின் திசையை வைத்து வரிசை எண் போடுவது

கிழக்கே சாயும் அச்சுகள் (மடிப்பு திரும்பும் கோடுகள்) முதல் மடிப்பு, தெற்கே சாய்பவை இரண்டாவது, வடகிழக்கே ஒன்று கிடைத்தால் மூன்றாவது! மூன்று நிறத்தில் தீட்டிய வரைபடம் அழகாகத்தான் இருக்கும். எனக்கு இன்னமும் எரிச்சல் வருவது இதைப் பார்த்துத்தான்.

ஒரு அடுக்கு முதல் முறை மடிந்ததுமே அதன் இரண்டு பக்கங்களும் வெவ்வேறு விதமாகச் சாய்ந்துவிடுகின்றன. அதன் மேல் இரண்டாவது நெருக்கல் வரும்போது, புது மடிப்பின் அச்சுத் தளம் (மடிப்பை நடுவே பிரிக்கும் தளம்) எங்கும் ஏறக்குறைய ஒரே திசையில் நிற்கும். அச்சு அப்படி நிற்காது. அந்தத் தளம் சாய்ந்த அடுக்கை வெட்டும் கோடுதான் அச்சு. ஆகவே ஒரே நெருக்கலில் பிறந்த மடிப்புகளே ஒரு பக்கம் கிழக்கேயும் மறுபக்கம் தெற்கேயும் சாயலாம்.

ஒரு இரும்புத்தாது ஆய்வில் இப்படிப்பட்ட வரைபடத்தை நம்பித் துளை போட்டார்கள். இரும்புத்தாது உள்ள மேக்னடைட் குவார்ட்சைட் வர வேண்டிய ஆழத்தில் வெறும் நைஸ் பாறை. தாதுப் பட்டை கொக்கியாகத் திரும்பி மேலேயே முடிந்திருந்தது. பக்கத்து ஓடையில், பழைய மடிப்பின் அச்சுத் தளமே வளைந்து கிடந்த பாறை முகம் ஒன்று இருந்தது. யாரும் அதை வரையவில்லை. செலவானது துளைக்கூலி மட்டுமா?

வரிசை சொல்ல அந்த மாதிரி இடம்தான் சாட்சி. வளைந்த அச்சுத் தளம் மூத்தது, அதை வளைத்தது இளையது. அப்புறம், கனிமங்கள் தட்டையாக அணிவகுத்த தகட்டமைப்பு மடிப்பின் வளைவை நேராக ஊடறுத்துப் போகிறதா, அதோடு சேர்ந்து வளைகிறதா என்றும் பாருங்கள். அதுவரை எண் போடாதீர்கள்.

வளையம் கண்டால் இரட்டை மடிப்பு என்பது

நிலவியலாளர் ஜான் ராம்சே 1960-களில் மீள்மடிப்பு (மடிந்தது மறுபடி மடிந்த) வடிவங்களை மேடும் குழியுமான வளையம், காளானும் பிறையும், கொக்கி என்று பிரித்தார். அதைப் படித்துவிட்டு வந்தவருக்கு எந்த வளையமும் இரண்டு முறை மடிந்ததற்கு அத்தாட்சி. ஆனால் ஒரே பக்கமாகச் சறுக்கி நீளமாக இழுபட்ட பாறையில், ஒரே நிகழ்விலேயே, வாளின் உறை போல நீண்ட உறை மடிப்பு உண்டாகும். அதைக் குறுக்கே வெட்டினாலும் வளையம்தான். கனிமங்கள் இழுபட்ட கோடு மடிப்பின் அச்சுக்கு இணையாக ஓடினால் சந்தேகப்படுங்கள்.

மலை என்பதால் மேல்மடிப்பு

சேலம் பக்கத்துக் கஞ்சமலை ஓங்கி நிற்கிறது. ஆனால் அதன் பாறை அமைப்பு மேலே வளைந்த மேல்மடிப்பு அல்ல, கீழே வளைந்த கீழ்மடிப்பு.

மேக்னடைட் மேல் காம்பஸ்

வைக்காதீர்கள், அந்தக் காந்தத் தாது ஊசியை இழுத்துவிடும். தள்ளி நின்று பாருங்கள். முடியாவிட்டால் திசை பார்க்கச் சூரியன் இருக்கிறது.