ஊரில் பரம்பரை தேடுவோர் கையில் வைத்திருக்க வேண்டியவை

யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றைத் தேடிப் போனால் பெயர் இரண்டு தலைமுறைக்கு மேல் கைகொடுக்காது. குடும்பப்பெயர் வழக்கம் இல்லை. தகப்பன் பெயர் முன்னெழுத்தாகி, அடுத்த தலைமுறையில் காணாமல் போய்விடும். ஒரே ஊரில் நாலு கந்தையாவும் ஆறு சின்னத்தம்பியும் இருப்பார்கள். ஊர், குறிச்சி (ஊரின் உட்பிரிவு), காணியின் பெயர் மூன்றும் தெரிந்தால்தான் ஆளைப் பிரித்தறியலாம். பிளேன் ஏறுமுன்பே வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய அடையாள அட்டை கிடைத்தால் பிறந்த திகதி அதிலேயே இருக்கிறது. முதல் இரண்டு இலக்கம் ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதில் 500 கூட்டியிருக்கும். 52634 என்று தொடங்கினால் 1952இல் 134ஆம் நாள், அதாவது மே 13 பிறந்த பெண். எந்த ஆண்டானாலும் பெப்ரவரியை 29 நாளாகவே எண்ணுங்கள், இல்லாவிட்டால் ஒரு நாள் பிசகும்.

பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் கேட்கலாம். பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்: பதிவு சொந்த ஊரில் இராது, பிள்ளை பிறந்த இடத்தில்தான் இருக்கும். வேலணைக் குடும்பத்துப் பிள்ளை பெரியாஸ்பத்திரியில் பிறந்திருந்தால் யாழ்ப்பாணத்தில்தான் தேட வேண்டும். சான்றிதழில் பாட்டனாரின் பெயர், பிறந்த ஆண்டு, இடம் கேட்கும் கூடு ஒன்று உண்டு. நிரப்பியிருந்தால் ஒரே தாளில் மூன்று தலைமுறை. விவாகச் சான்றிதழையும் கேட்டு எடுங்கள், இரு பக்கத்துத் தகப்பன்மாரும் அதில் வருவார்கள். பதிவே இல்லை என்றால் படித்த பள்ளிக்கூடத்தின் சேர்வு இடாப்பைப் பாருங்கள். ஆனால் வயதைக் கூட்டியும் குறைத்தும் பள்ளியில் சேர்த்த காலம் அது, திகதியை அப்படியே நம்ப வேண்டாம்.

எல்லாவற்றிலும் பெறுமதியானது காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம். காணியின் பெயர், பரப்புக் கணக்கு (18 குழி ஒரு பரப்பு), எழுதியவருக்கு அது எப்படி வந்தது, எல்லாம் அதில் இருக்கும். முதுசம் (பரம்பரைச் சொத்து) என்றிருந்தால் தகப்பன் வழியையும், சீதனம் என்றிருந்தால் தாய் வழியையும் முதலில் பாருங்கள். பிறகு நாலு எல்லைக்கும் போங்கள். வளவைப் பிரித்துப் பிள்ளைகளுக்குச் சீதனமாகக் கொடுத்தபடியால், கிழக்கு எல்லைக்காரி பெரும்பாலும் பூட்டியின் சகோதரியாக இருப்பாள். உறுதி தொலைந்திருந்தால் உறுதி இலக்கம், திகதி, உறுதியை எழுதிய நொத்தாரிசின் பெயர் மூன்றையும் தேடி எடுங்கள். நொத்தாரிசு அனுப்பிய இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்தில் இருக்க வேண்டும். போரில் அழிந்துபோன ஏடுகளும் உண்டு. ஒன்று: உறுதி பார்க்கக் கேட்டதும் "காணி பிடிக்க வந்திட்டினம்" என்று கதை கிளம்பும். வம்சாவளி எழுதத்தான் என்று முதலே சொல்லுங்கள். பிரதி கேட்க வேண்டாம், எல்லைப் பெயர்களை மட்டும் எழுதிக்கொண்டால் போதும்.

அந்தியேட்டிக்கு (இறந்தவருக்கு 31ஆம் நாளில் செய்யும் கிரியை) அச்சடித்துக் கொடுக்கும் கல்வெட்டு என்னும் நினைவுப் புத்தகம் அடுத்தது. பிள்ளைகள், மருமக்கள், சகோதரங்கள், யார் எந்த ஊரில் கலியாணம் முடித்தார்கள் என்பதெல்லாம் அதில் வரிசையாக வரும். அலுமாரி மேல்தட்டில், பழைய பஞ்சாங்கங்களோடு கட்டிக் கிடக்கும். நூலகம் இணையத்தளத்திலும் இவ்வகை நினைவு மலர்கள் நிறைய உண்டு. 1981இல் யாழ் பொதுநூலகம் எரிந்தபின் பழைய அச்சுகளைத் தேட அதுவே முதல் இடம். சிறப்பித்துப் பாடுவதற்காக எழுதியது என்பதால் பட்டம் பதவிகளைக் கொஞ்சம் தள்ளி வாசியுங்கள். உறவுமுறை பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும், சபையில் வாசிப்பது அல்லவா.

கிறிஸ்தவக் குடும்பம் என்றால் கோவில் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேளுங்கள். 1816இல் தொடங்கிய அமெரிக்க மிசன் தன் பள்ளிப் பிள்ளைகள் பலருக்கு அமெரிக்கக் கொடையாளர்களின் பெயரையே வைத்தது. ஆகவே தமிழ்ப் பெயரில் ஆள் அகப்படாவிட்டால், தகப்பன் பெயரையும் ஊரையும் வைத்துத் தேடுங்கள். அரச அலுவலகங்கள் பூரணை நாட்களில் பூட்டு. பயணத் திகதியைக் குறிக்கும்போதே அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.