டீசலில் தண்ணீர்: குழாய் காட்டாததை பாட்டில் காட்டியது

மண்டபம் கரையில் எங்கள் வள்ளத்தின் எஞ்சின் ஒழுங்காக ஓடும்; தென்கடலில் அலை தூக்கினால் இருமி நின்றுவிடும். ஃபில்டர் மாற்றினோம், டீசல் குழாயில் அடைத்த காற்றெடுத்தோம், எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரையும் கழற்றிப் பார்த்தாயிற்று. டேங்கின் அடிக்குழாயில் பிடித்த டீசலும் சுத்தம்.

அந்தச் சுத்தம்தான் ஏமாற்றியது. நிற்கும்போது வள்ளம் பின்பக்கம் தாழும், குழாயோ முன்மூலையில். டீசலைவிடக் கனமான தண்ணீர் பின்னால் ஒதுங்கிவிடும்; அலை தூக்கும்போதுதான் கலங்கி எஞ்சினுக்குப் போகும். கரையேற்றி, இரவு முழுக்க முன்பக்கம் தாழ வைத்து, காலையில் ஆட்டாமல் கண்ணாடி பாட்டிலில் பிடித்தேன். அடியில் பாதிக்குத் தண்ணீர், மேலே மஞ்சளாக டீசல்.

அடித்தண்ணீரில் ஒரு சொட்டைத் தகரத்தில் காயவிட்டேன். வெள்ளையாக உப்புப் படிந்தது. அப்போ பங்க் டீசலைக் குறை சொல்ல முடியாது, கடல் தண்ணீர். டேங்க் மூடியின் மரையிலும் அதே உப்பு. உள்ளே வாஷர் வெடித்திருந்தது. புது வாஷர் போட்டு, டேங்கைக் கழுவிக் காயவைத்து, ஃபில்டரை மறுபடி மாற்றினோம். இப்போது அலையிலும் நிற்பதில்லை. அப்பாடா!