தண்ணீரில் நன்றாக நடந்தவர் கரையேறும்போது ஏன் விழுகிறார்?

போன மாதம் எங்களோடு புதிதாகச் சேர்ந்த பிசியோ தம்பி ஒருவர், பக்கவாதம் வந்த ஒரு பெரியவருக்குக் குளத்தில் முக்கால் மணி நேரம் அருமையாகப் பயிற்சி கொடுத்தார். முடிந்ததும் "சரிங்க ஐயா, மேல வாங்க" என்று சொல்லிவிட்டு, மிதவைகளை எடுத்து அடுக்கத் திரும்பிவிட்டார். நான் ஓடிப்போய்ப் பெரியவரின் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். இதே காட்சியை எத்தனையோ பேரிடம் பார்த்துவிட்டேன், என் முதல் வருடத்தில் நானே செய்திருக்கிறேன். சாப்பிட்ட உடனே இறங்கக் கூடாது, ஆறாத புண்ணோடு இறங்கக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிட்டு, நரம்பு நோயாளிகளைக் குளத்தில் இறக்கும்போது நாம் செய்கிற மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

கரையேறுவதைக் கணக்கில் எடுக்காமல் விடுவது

என் முதல் வருடத்தில் என்னிடம் வந்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், பார்கின்சன் என்கிற நடுக்குவாத நோயாளி. வீட்டில் கூடத்திலிருந்து சமையலறை வாசலுக்குப் போவதற்குள் இரண்டு தடவை கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மார்பளவுத் தண்ணீரில் இறக்கினால் கையை வீசி நடப்பார், அவர் மனைவி கரையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வார். அந்தச் சந்தோஷத்தில் ஒரு நாள் அரை மணி நேரப் பயிற்சியை ஒரு மணி நேரத்துக்கு இழுத்துவிட்டேன். ஏறும்போது மூன்றாவது படியில் கால் நின்றுபோனது. கைப்பிடியில் இருந்த விரல்கள் தளர்வதைப் பார்த்தேன், எட்டிப் பிடிப்பதற்குள் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டார். மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் அவர் அப்புறம் குளத்துப் பக்கமே வரவில்லை. கையை வீசி நடந்த அந்த நடை அவருக்குப் போனது என்னால்தான்.

அன்று மூன்று விஷயங்கள் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. முதலாவது எடை. இடுப்பளவுத் தண்ணீரில் காலில் இறங்குவது உடல் எடையில் ஏறக்குறைய பாதி, மார்பளவில் மூன்றில் ஒரு பங்கு. 70 கிலோ மனிதர் சுமார் 23 கிலோ பாரத்தோடு நடந்து பழகிவிட்டு, நாலைந்து படி ஏறுவதற்குள் முழு எடையையும் களைத்துப்போன காலில் சுமக்க வேண்டும். இரண்டாவது பிபி. உடம்பு தண்ணீருக்குள் இருக்கும்போது நீரின் அழுத்தம் காலிலும் வயிற்றிலும் உள்ள ரத்தத்தை மார்புப் பக்கம் தள்ளும், கழுத்தளவு என்றால் சுமார் 700 மில்லி. சிறுநீரகமும் சிறுநீரைக் கூட்டிவிடும், வெதுவெதுப்பில் ரத்தக்குழாய்கள் விரிந்திருக்கும். வெளியே வந்ததும் அந்த அழுத்தம் போய், ரத்தம் சரசரவென்று காலுக்கு இறங்கும். நமக்கு உடம்பு சமாளித்துக்கொள்ளும், ஆனால் பார்கின்சனில் பலருக்கு நாற்காலியிலிருந்து எழுந்தாலே பிபி இறங்கும். மூன்றாவது மாத்திரை. பார்கின்சனுக்குக் கொடுக்கும் லெவோடோபா வேலை செய்கிற நேரத்தில் அவரை இறக்கினேன், நான் இழுத்த அந்த அரை மணியில் அதன் வேகம் தீர்ந்துவிட்டது.

இப்போது நான் செய்வது இதுதான். கடைசி ஐந்தாறு நிமிடம் ஆழம் குறைந்த பக்கமாக மெல்ல நடத்தி வருவேன். தண்ணீர் இடுப்பளவு இருக்கும் படியிலேயே இரண்டு நிமிடம் உட்காரவைத்து, "தலை சுத்துதா?" என்று கேட்பேன். ஏறும்போது ஒருவர் மேலே, ஒருவர் பின்னால். கரையில் துண்டு விரித்த நாற்காலி முன்பே போட்டிருக்கும், உட்கார்ந்ததும் பிபி, குடிக்கத் தண்ணீர். செங்குத்து ஏணி மட்டும் இருக்கிற குளத்துக்கு இவர்களைக் கூட்டிப் போவதே இல்லை.

வெந்நீர் எல்லோருக்கும் நல்லது என்று நினைப்பது

நரம்புக்கு வெந்நீர் நல்லது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். விறைத்த தசைக்கு 33, 34 டிகிரி இதமாக இருக்கும், உண்மைதான். நரம்புகளின் உறை சிதையும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய் உள்ளவருக்கு அதே தண்ணீர் பகை. உடம்பு சூடேறினால் கால் துவளும், பார்வை மங்கும். உடற்பயிற்சிக்குப் பின் பார்வை மங்குவதை ஊட்ஹாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1890இலேயே எழுதிவைத்தார், சூடுதான் காரணம் என்பது பிறகு தெரிந்தது. உடம்பு குளிர்ந்தால் சரியாகிவிடும், ஆனால் தண்ணீருக்குள் கால் துவண்டால் அதுவரை காத்திருக்க முடியாது. இவர்களுக்கு 27 முதல் 29 டிகிரி போதும். சென்னையில் மே மாத வெயிலில் திறந்த குளம் சூடேற்றாமலே அதைத் தாண்டும், அதனால் அதிகாலை நேரம் கேட்டு வாங்குங்கள், இறங்குமுன் தெர்மாமீட்டரைப் போட்டுப் பாருங்கள்.

"அவருக்கு நீச்சல் தெரியும்"

தெரிந்தது நோய்க்கு முன்னால். மூளையில் மின்முனை வைக்கும் அறுவை சிகிச்சைக்குப் பிறகு நீந்தும் திறனை இழந்த ஒன்பது பார்கின்சன் நோயாளிகளைப் பற்றி 2019இல் சூரிக் மருத்துவர்கள் எழுதினார்கள். நடை தேறியிருக்கும், கை கால் சேர்ந்து நீந்த வராது. கை எட்டும் தூரத்தில் நில்லுங்கள்.

கழுத்தில் மாட்டும் காற்று வளையம்

தசை வலுவில்லாத குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். 2022இல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வும் இதையேதான் எச்சரித்தது.

நிறைந்த சிறுநீர்ப்பை

முதுகுத்தண்டில் மேல்பகுதியில் அடிபட்டவருக்கு, டி6 (மார்புப் பகுதியின் ஆறாவது முள்ளெலும்பு) அல்லது அதற்கு மேல் என்றால், சிறுநீர் தேங்கினாலே பிபி எகிறும். வெளியேற்றிவிட்டு இறக்குங்கள்.

வெறும் கால்

உணர்ச்சி குறைந்த பாதம் டைல்ஸில் உரசி ரத்தம் வந்தாலும் அவருக்குத் தெரியாது. ரப்பர் ஷூ போட்டு இறக்குங்கள், துடைக்கும்போது உள்ளங்காலையும் விரலிடுக்கையும் நீங்களே குனிந்து பாருங்கள்.