சென்சார் மந்தமா? அடாப்டிவ் கன்ட்ரோலை இப்படி அமையுங்கள்

அடாப்டிவ் கன்ட்ரோல் என்பது ஓடும்போதே தன் அமைப்பு எண்களைத் தானே திருத்திக்கொள்ளும் கன்ட்ரோல். அதற்கு முதலில் சென்சார் எவ்வளவு மந்தம் என்று அளந்துவிடுங்கள். தெர்மோகப்பிள் (வெப்பநிலை சென்சார்) என்றால் சட்டென்று வெந்நீரில் முக்கி, ரீடிங் அசையத் தொடங்க ஆகும் நேரத்தையும், அதன்பின் மொத்த மாற்றத்தில் 63 சதவீதத்தைத் தொட ஆகும் நேரத்தையும் தனித்தனியாகக் குறியுங்கள். முன்னது தாமதம், பின்னது டைம் கான்ஸ்டன்ட். உறைக்குள் இருக்கும் சென்சாரை உறையோடு சேர்த்தே சோதியுங்கள்.

அடுத்ததுதான் பலர் கோட்டை விடும் இடம். கன்ட்ரோலருக்குள் இருக்கும் மாடல் (இயந்திரம் எப்படி நடக்கும் என்று கணிக்கும் கணக்கு) இந்த நொடியின் நிலையைச் சொல்கிறது, சென்சாரோ பழைய கதையைச் சொல்கிறது. இரண்டையும் அப்படியே கழித்தால் அந்த வித்தியாசத்தைப் பிழை என்று நம்பி, அல்காரிதம் சரியாக இருந்த பாராமீட்டர்களையும் (மாடலின் அமைப்பு எண்களையும்) கெடுத்துவிடும். அதனால் மாடலின் அவுட்புட்டையும் அதே தாமதம், அதே ஃபில்டர் (டைம் கான்ஸ்டன்ட் காட்டும் மந்தம்) வழியாக அனுப்பி, அப்புறம் ஒப்பிடுங்கள். வால்வையோ ஹீட்டரையோ இயக்க மட்டும் மாடலின் தாமதமில்லாத மதிப்பு. 1957இல் ஓட்டோ ஸ்மித் சொன்ன ப்ரெடிக்டரின் (தாமதத்தை மாடலால் ஈடுகட்டும் முறையின்) அடிப்படையும் இதுதான்.

சாம்பிளிங்கை (நொடிக்கு எத்தனை முறை ரீடிங் எடுப்பது என்பதை) கூட்டினால் சென்சார் வேகமாகிவிடாது, இரைச்சல்தான் அடர்த்தியாக வரும்.

சரி, அடாப்டேஷன், அதாவது பாராமீட்டர்களைத் திருத்தக் கற்பது, எவ்வளவு வேகம்? லூப்பைவிட (அளந்து, ஒப்பிட்டு, வால்வைத் திருத்தும் சுற்றைவிட) பல மடங்கு மெதுவாக வையுங்கள், அவசரப்பட்டால் லூப் ஆட ஆரம்பித்துவிடும். வால்வு முழுதாகத் திறந்து நிற்கும்போதும், செட்பாயின்ட் (எட்ட வேண்டிய இலக்கு மதிப்பு) மாறாமல் எல்லாம் அமைதியாக இருக்கும்போதும் கற்பதை நிறுத்திவையுங்கள். அப்போது அது இரைச்சலைத்தான் கற்கும்.