டர்பனில் ஆபீஸ் வேலையை விட்டு விமானி ஆக: எதை முதலில் செய்வது?

சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்தவன் நான். அம்லாங்காவில் ஒன்பது வருடம் இன்சூரன்ஸ் கணக்கு பார்த்தேன், இப்போது சம்பளத்துக்குப் பறக்கும் லைசென்ஸுக்காக மணிக்கணக்கு சேர்த்துக்கொண்டிருக்கிறேன். கோயிலில் பார்க்கிற தம்பிமார் எல்லாம் கேட்பது ஒரே கேள்வி: "அண்ணா, வேலையை எப்போ விட்டீங்க?" அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. வரிசை மாறினால் கைக்காசு கரைந்துவிடும்.

முதல் வேலை, மெடிக்கல். அதற்கு முன்னால் எந்தப் பயிற்சிப் பள்ளிக்கும் ஒரு ரேண்ட் கூடக் கட்டாதீர்கள். தென்னாப்பிரிக்க சிவில் ஏவியேஷன் அத்தாரிட்டி அங்கீகரித்த டாக்டரிடம் போய், சம்பளத்துக்குப் பறப்பவருக்கு வேண்டிய மெடிக்கல் சான்றிதழான கிளாஸ் 1 வேண்டும் என்று சொல்லியே கேளுங்கள். சொந்த ஆசைக்குப் பறக்கும் பிபிஎல் லைசென்ஸுக்கு கிளாஸ் 2 போதும், ஆனால் அதை மட்டும் எடுத்துவிட்டு இரண்டு வருடம் செலவழித்த பிறகு கிளாஸ் 1-இல் தடங்கல் வந்தால் அந்தப் பணம் திரும்பாது. கண், காது, ஈசிஜி, நிறம் பிரித்தறியும் சோதனை எல்லாம் உண்டு. கண்ணாடி போட்டிருந்தால் பயப்பட வேண்டாம், நானும் போட்டிருக்கிறேன். நம் குடும்பங்களில் சர்க்கரையும் பிரஷரும் கூடவே வருவதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்தது பிபிஎல், இதை வேலையில் இருந்துகொண்டே முடிக்கலாம். சட்டப்படி குறைந்தது 45 மணி நேரம் பறக்க வேண்டும், எனக்கு 61 ஆனது. வாரம் ஒரு தடவை போனால் போன வாரம் கற்றதையே காசு கொடுத்துத் திரும்பக் கற்பீர்கள், அதனால் வாரம் இரண்டு தடவை போக வழி செய்யுங்கள். டர்பனில் வர்ஜீனியா விமான நிலையம் கடலை ஒட்டியே இருக்கிறது. மதியத்துக்கு மேல் வடகிழக்குக் காற்று ஏறிவிடும், புதிதாக இறங்கப் பழகுகிறவருக்குக் காலை ஆறு மணிதான் நல்லது.

அந்தக் காலை நேரத்தில் கற்கும் முதல் பாடம் தரையில்தான். செஸ்னா 172 என்ற சின்னப் பயிற்சி விமானத்தின் இறக்கைக்கு அடியில் குனிந்து, கண்ணாடி மாதிரி இருக்கும் சின்னக் குவளையை வால்வில் அழுத்தினால் கொஞ்சம் பெட்ரோல் இறங்கும். ஏவ்கேஸ் என்ற அந்த விமான பெட்ரோல் லேசான நீல நிறம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், தண்ணீர் இருந்தால் நிறமில்லாத குமிழாக அடியில் உருண்டு கிடக்கும். டர்பன் ஈரத்தில் பாதி டேங்க்கோடு இரவு நின்ற விமானத்தில் ஒரு நாள் அப்படிப் பார்த்தேன். குமிழ் வருவது நிற்கும் வரை திரும்பத் திரும்ப வடித்தோம், அன்று அரை மணி நேரம் தாமதம். இந்த அரை மணி நேரத்துக்குப் பொறுமை இல்லாதவர் இந்தத் தொழிலுக்கு வரக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, பணம். மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள், வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒருவர் முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்டினார், பாதியில் பள்ளியை மூடிவிட்டார்கள். பறந்த மணிக்கு மட்டும் கொடுங்கள், ரசீதை, பறந்த மணிகளைப் பதியும் லாக்புக்கோடு சேர்த்து வையுங்கள். எரிபொருளும் உதிரிபாகமும் டாலரோடு போகிறவை, ரேண்ட் விழுந்தால் உங்கள் மணிக்கட்டணம் ஏறும், அதற்கும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். 2024 செப்டம்பர் 1 முதல் ஓய்வூதிய நிதியின் சேமிப்புப் பகுதியிலிருந்து வருடத்துக்கு ஒரு தடவை எடுக்கலாம் என்று ஆகியிருக்கிறது, ஆனால் எடுக்கும் தொகை உங்கள் வருமானத்தோடு சேர்ந்து வரிக்குப் போகும். நான் அதில் கை வைக்கவில்லை.

அப்புறம் சம்பளத்துக்குப் பறக்கும் லைசென்ஸான சிபிஎல். இதற்கு மொத்தம் 200 மணி நேரம் வேண்டும், அதில் 100 மணி நீங்களே பொறுப்பு விமானியாகப் பறந்ததாக இருக்க வேண்டும். எழுத்துத் தேர்வுகளை ஆபீஸ் முடிந்து இரவில் படித்தே எழுதலாம், ஆனால் வெளியே தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதியான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்கும், இரட்டை எஞ்சின் விமானப் பயிற்சிக்கும் தொடர்ந்து பறக்க வேண்டும். நான் வேலையை விட்டது அந்தக் கட்டத்தில்தான். கையில் கிளாஸ் 1, பிபிஎல், தேர்வு முடிவுகள், மீதிப் பயிற்சிக்கான பணம், எட்டு மாத வீட்டுச் செலவு, இவ்வளவும் இருந்தன. அம்மாவிடம் அந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டு, "வீட்டு வாடகை இதிலே இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

சிபிஎல் கிடைத்த மறுநாளே ஏர்லைன் கூப்பிடும் என்று நம்பி வராதீர்கள். இங்குள்ள ஏர்லைன்களில் மாங்கோ 2021-இலும் காம்ஏர் 2022-இலும் பறப்பதை நிறுத்தின, அனுபவமுள்ள விமானிகள் பலர் அப்போது வேலை தேட வேண்டியதாயிற்று. பெரிய விமானத்தின் கேப்டனுக்கு வேண்டிய ஏடிபிஎல்லுக்கு 1,500 மணி நேரம் தேவை. அந்த இடைவெளியைச் சிலர் இன்ஸ்ட்ரக்டர் ஆகி நிரப்புகிறார்கள், சிலர் போட்ஸ்வானாவின் மவுன் ஊருக்குப் போய் ஒகாவாங்கோ முகாம்களுக்குப் பயணிகளை ஏற்றிச் சின்ன விமானம் ஓட்டுகிறார்கள். நான் இன்ஸ்ட்ரக்டர் வழியைத் தேர்ந்திருக்கிறேன், அதற்கான பயிற்சி அடுத்த மாதம் தொடங்குகிறது.